பழைய 26 அங்குல மவுண்டன் சைக்கிள்: பாகம் மாற்றுவதா, புதிது வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1995க்கும் 2010க்கும் இடையில் வாங்கிய மவுண்டன் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டோ ஒன்பதோ, ரிம்மைக் கட்டையால் பிடிக்கும் வி பிரேக், முன்ஃபோர்க்கில் மட்டும் ஷாக். இந்த அமைப்புக்கு ஹார்ட்டெயில் என்று பெயர். இதை வைத்துக்கொண்டு செலவு செய்வதா, புதிதாக வாங்குவதா என்பதுதான் எல்லாருக்கும் உள்ள குழப்பம்.

என் சைக்கிள் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தார் ரோடு, ஏரிக்கரை, கப்பி ரோடு, தோட்டத்து மண் பாதை என்றால் மாற்ற வேண்டியதில்லை. நல்ல டயர், புது செயின், புது பிரேக் கட்டை போட்டால் இன்னும் பல வருடம் ஓடும்.

கல்லும் வேரும் படிக்கட்டு மாதிரி இறங்கும் சரிவில் ஓட்டுபவர் என்றால் வித்தியாசம் பெரியது. அதுவும் கியர் எண்ணிக்கையாலோ எடை குறைவதாலோ வருவதில்லை. ஃபிரேமின் கோணங்கள், பெரிய சக்கரத்தில் அகல டயர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஓடும்போதே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் ஆகிய நான்கால் வருவது. எடையைப் பார்த்தால் புதியது பழையதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். தூக்கிப் பார்த்துவிட்டு “இதென்ன இவ்வளவு கனம்” என்று ஏமாற வேண்டாம்.

ஃபிரேமின் கோணத்தில் அப்படி என்ன மாறிவிட்டது?

பழைய ஹார்ட்டெயிலில் ஹெட் டியூப், அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய், தரையோடு ஏறத்தாழ 70, 71 டிகிரி கோணத்தில் நிற்கும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 100 முதல் 120 மி.மீ. நீளம், ஹேண்டில்பார் 560 முதல் 600 மி.மீ. அகலம். சமதளத்திலும் ஏற்றத்திலும் இது சுறுசுறுப்பாகத் திரும்பும். இறக்கத்தில்தான் வினை. உங்கள் கைகள் முன்சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேலே, சில சமயம் அதையும் தாண்டி நிற்கும். சக்கரம் ஒரு கல்லில் தடுத்தால் உடல் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழும்.

மலைப்பாதைக்கான இன்றைய டிரெயில் ஹார்ட்டெயிலில் அந்தக் கோணம் 64 முதல் 67 டிகிரிக்குச் சாய்ந்திருக்கும். முன்சக்கரம் உங்களுக்கு முன்னால் தள்ளி நிற்பதால் கல்லில் ஏறும்போது விழும் பயம் குறைகிறது. சாய்வு கூடினால் ஹேண்டில் மந்தமாகும். அதைச் சரிக்கட்டத்தான் ஸ்டெம்மை 35 முதல் 50 மி.மீ. வரை குறைத்து, ஹேண்டில்பாரை 760, 780 மி.மீ. வரை அகலப்படுத்தினார்கள். ஸ்டெம் குறுகியதால் இழந்த இடத்தை ஃபிரேமை நீட்டிக் கொடுத்தார்கள். சீட் டியூபும் 73 டிகிரியிலிருந்து 75, 76 என்று நிமிர்ந்தது. நெட்டுக்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இவை ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. ஆகவே புது சைக்கிளைப் பார்த்துவிட்டு பழையதில் 40 மி.மீ. ஸ்டெம்மை மட்டும் மாட்டினால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும் அளவுக்கு இடம் சுருங்கும், ஹேண்டிலும் பதற்றமாகத் திரும்பும்.

26 அங்குலம் ஏன் காணாமல் போனது?

அது ஆராய்ச்சி செய்து முடிவெடுத்த அளவே அல்ல. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டாமல்பைஸ் மலைச்சரிவில் பழைய ஷ்வின் சைக்கிள்களை உருட்டி இறக்கியவர்கள் தொடங்கிவைத்த விளையாட்டு இது. அந்தச் சைக்கிள்களில் இருந்தது 26 அங்குல பலூன் டயர். 1981ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவு உற்பத்திக்கு வந்தபோது அந்த அளவே நிலைத்தது.

பெரிய சக்கரம் குழியில் குறைவாக இறங்கும், கல்லைச் சுலபமாக ஏறும். நல்ல டயரும் ஃபோர்க்கும் வரத் தாமதமானதால் 29 அங்குலம் தாமதமாகத்தான் பரவியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் மவுண்டன் சைக்கிள் போட்டியில் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் தங்கம் வென்றார், நினோ ஷுர்ட்டர் 27.5 அங்குலத்தில் வெள்ளி. அதன்பின் ஓரிரு வருடத்தில் நிறுவனங்கள் 26ஐக் கைவிட்டன.

27.5 அங்குலமா, 29 அங்குலமா?

உயரம் 160 செ.மீ.க்குக் குறைவு என்றால் 27.5ஐ ஓட்டிப் பாருங்கள். மற்றவர்களுக்கு 29. டயர், ஃபோர்க், ரிம் எதைத் தேடினாலும் இப்போது அதில்தான் தேர்வு அதிகம்.

பழைய ஃபிரேமிலேயே புதிய பாகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால்?

பணம் கரைவது இந்த வழியில்தான். தடையாக இருப்பது பாகங்கள் அல்ல, ஃபிரேமின் அளவுகள். ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

முதலில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி. பழையதில் 135 மி.மீ., திறந்த வெட்டு, கையால் நெம்பித் திறக்கும் குயிக் ரிலீஸ். புதியதில் 148 மி.மீ., ஃபிரேமின் இரு பக்கத் துளையிலும் நுழைந்து பூட்டும் 12 மி.மீ. தடிப்புள்ள த்ரூ ஆக்ஸில். பூஸ்ட் என்று சொல்வது இதைத்தான். முன்னால் பழையது 100 மி.மீ., புதியது 110 மி.மீ. இடைவெளியும் 15 மி.மீ. ஆக்ஸிலும். அதாவது இன்றைய நல்ல சக்கரம் எதுவும் உங்கள் ஃபிரேமில் உட்காராது. அலுமினிய ஃபிரேமை நெம்பி விரிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும்.

அடுத்து ஹெட் டியூபின் உள்விட்டம். 34 மி.மீ. என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பாக 28.6 மி.மீ. தண்டுள்ள ஃபோர்க் மட்டுமே நுழையும். இன்றைய ஃபோர்க்குகளின் தண்டு அடியில் 40 மி.மீ. வரை தடிக்கும். உள்விட்டம் 44 மி.மீ. ஆக இருந்தால் தப்பித்தீர்கள். கீழ்க் கிண்ணத்தை வெளியே வைக்கும் ஹெட்செட் (ஹெட் டியூபில் ஃபோர்க் சுழல உதவும் பேரிங் தொகுப்பு) போட்டு தடித்த தண்டையும் ஏற்றலாம். 2000க்கு முந்திய ஃபிரேமில் இந்த அதிர்ஷ்டம் இருக்காது.

மூன்றாவது, பின்பக்க ஃபிரேமில் டிஸ்க் தட்டைக் கவ்வும் பிரேக் காலிப்பரை மாட்டும் காது இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, சீட் போஸ்ட் விட்டம். 27.2, 30.9, 31.6 மி.மீ. என்றால் டிராப்பர் கிடைக்கும். 26.8 போன்ற சிறிய அளவு என்றால் டிராப்பர் கிடைப்பது கடினம்.

26 அங்குல ஃபிரேமில் 29 சக்கரத்தைத் திணிப்பதும் நடக்காது. ரிம்மின் விட்டம் 559 மி.மீ.யிலிருந்து 622க்குப் போகிறது. டயர், பெடல் நடுவிலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் செயின்ஸ்டே குழாயில் உரசும், வி பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே தொடாது.

எங்கள் கணக்கு இது: பழையதற்குச் செய்யப்போகும் மொத்தச் செலவு, நீங்கள் பார்த்துவைத்திருக்கும் புது சைக்கிளின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

சரி, பழையதில் எதற்குச் செலவு செய்தால் பலன் உண்டு?

டயருக்கு. இதற்கு இணையான லாபம் வேறில்லை. பத்து வருடத்து ரப்பர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இறுகிப் போயிருக்கும்; ஈரக்கல்லில் வழுக்கும். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இருபுறமும் 5 மி.மீ.யாவது இடைவெளி மிஞ்சும்படி 2.1 அல்லது 2.25 அங்குல டயர் போடுங்கள்.

பிரேக்குக்கு. வி பிரேக்கில் வயரையும் வெளிக்குழாயையும் சேர்த்து மாற்றுங்கள், 70 மி.மீ. நீளக் கட்டை போடுங்கள், ரிம்மின் பக்கச் சுவரை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். கட்டையின் முன்நுனி ரிம்மை ஒரு மி.மீ. முந்தித் தொடும்படி வைத்தால் கிறீச்சிடாது. கட்டை மாற்றும்போதே ரிம் சுவரைத் தடவிப் பாருங்கள். உட்குழிந்திருந்தால் அந்த ரிம் முடிந்துவிட்டது. காற்றழுத்தத்தில் சுவர் பிளந்து இறக்கத்தில் வெடிப்பது அப்படித்தான்.

ஹேண்டிலுக்கு. 680 முதல் 720 மி.மீ. அகல ஹேண்டில்பாரும் 70 அல்லது 80 மி.மீ. ஸ்டெம்மும் பழைய ஃபிரேமுக்குப் பொருந்தும் நடுவழி. பழைய ஹேண்டில்பாரின் நடுத்தடிப்பு 25.4 மி.மீ., புதியது 31.8. ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

முன்னால் மூன்று பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒன்றாக்க முடியுமா?

முடியும். பழைய ஃபிரேமில் துணிந்து செய்யக்கூடிய மாற்றம் இது. ஆனால் முதலில் உங்கள் பின்சக்கரத்தில் இருக்கும் பல் தொகுதி ஹப்பின் மேல் செருகும் கேசட்டா, மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீலா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி பொருத்தும் வெட்டுகளும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். வெட்டுகள் நின்று பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். நம் ஊர்க் கடைகளில் எம்டிபி என்ற பெயரில் விற்ற 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் புதிய கேசட் ஏறாது. ஹப்பையோ முழுச் சக்கரத்தையோ மாற்ற வேண்டும்.

கேசட் என்றால் 8, 9 கியருக்கான ஹைப்பர்கிளைடு வகை ஃப்ரீஹப்பிலேயே (கேசட் செருகும் ஹப் உருளை) 10 கியர் மவுண்டன் கேசட்டும் உட்காரும். மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் அட்வென்ட் எக்ஸ் தொகுப்பில் 11 முதல் 48 பல் வரையுள்ள 10 கியர் கேசட் வருகிறது. ஷிமானோவின் 11 கியர் டியோர் 5100 வரிசையில் 11-51 கேசட்டும் அதே ஃப்ரீஹப்பில் ஏறும். 10 பல்லில் தொடங்கும் 12 கியர் கேசட்டுக்கு மட்டும் வேறு ஃப்ரீஹப் வேண்டும்: ஷிமானோவுக்கு மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமுக்கு எக்ஸ்டி.

கியர் மாற்றும் ஷிஃப்டர், பின்னால் செயினை நகர்த்தும் டிரெய்லியர், கேசட், செயின் நான்கையும் ஒரே தொகுப்பிலிருந்து வாங்குங்கள். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வயர் இழுபடும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமல்ல, ஷிமானோவின் 9க்கும் 10க்கும் இடையிலேயே மாறும். பழைய 9 கியர் டிரெய்லியரை 10 கியர் ஷிஃப்டரோடு கோத்துவிட்டு நாள் முழுதும் திருகாணியைத் திருகுபவர்கள் உண்டு. எவ்வளவு திருகினாலும் நிற்காது.

முன்னால் பல் அகலமும் குறுகலுமாக மாறி மாறி வரும் தனிப் பல்சக்கரம் போட வேண்டும். சாதாரணப் பல்சக்கரம் போட்டால் கரடுமுரடில் செயின் கழன்றுகொண்டே இருக்கும். பெடல் மாட்டும் கையான கிராங்க்கில் நான்கு போல்ட், அவை அமரும் வட்டம் 104 மி.மீ. என்றால் 32 பல் சுலபமாகக் கிடைக்கும். நடுப் பல்சக்கரம் இருந்த இடத்திலேயே மாட்டுங்கள். ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டை போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பழைய போல்ட் நீளமாக இருந்து இறுகாது.

செயின் நீளம்: டிரெய்லியருக்குள் விடாமல் முன் பல்சக்கரத்தையும் பின்னால் மிகப் பெரிய பல்லையும் சுற்றி, இரு முனைகளும் சேரும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். பிறகு டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பாருங்கள். பழைய சைக்கிள் எப்போதாவது வலப்பக்கம் விழுந்திருக்கும், ஹேங்கர் லேசாக வளைந்திருக்கும். 8 கியரில் அது தெரியாது, 10 கியரில் கண்டிப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே முன் பல்சக்கரத்தில் மலை ஏற முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய 22 பல் முன், 34 பல் பின், 26 அங்குலச் சக்கரம்: பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 1.34 மீட்டர் நகரும். புதிய 29ல் 30 பல் முன், 51 பல் பின்: சுமார் 1.35 மீட்டர். ஏற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். அதே 29ல் 32 பல் போட்டால் 1.44 மீட்டர். கொல்லிமலை மாதிரித் தொடர் ஏற்றத்தில் அந்தப் பத்து சென்டிமீட்டர் தொடையில் தெரியும். பல சைக்கிள்கள் 32 பல்லோடுதான் கடையில் நிற்கும். 30க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

இழப்பு மறுமுனையில். பழைய 44க்கு 11ல் ஒரு சுற்றுக்கு 8.3 மீட்டர் போகலாம். புதிய 30க்கு 10ல் 6.9 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் சுமார் 37 கி.மீ. வேகம், அதற்கு மேல் கால் வெறுமனே சுற்றும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதற்குத்தான் சைக்கிள் என்றால் நீங்கள் தேடுவது மவுண்டன் சைக்கிளே இல்லை.

பழைய ஃபிரேமில் டிஸ்க் பிரேக்?

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காது இருந்து, டிஸ்க் தட்டு மாட்டும் ஹப்பும் இருந்தால் மட்டும். காது இல்லாத ஃபிரேமுக்கு அடாப்டர் என்று விற்பதை மாட்ட வேண்டாம். பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அதைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத மெல்லிய குழாயில் இறங்கும்.

முன்பக்கம் மட்டும் டிஸ்க், பின்பக்கம் வி பிரேக் என்பது தவறில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையதுதான். வயரில் இயங்கும் மவுண்டன் வகை டிஸ்க் காலிப்பர் வாங்கினால் பழைய வி பிரேக் லீவரே போதும். சாலை சைக்கிளுக்கான காலிப்பரை மாற்றி வாங்கிவிடாதீர்கள். அதற்கு வேண்டிய வயர் இழுப்பு வேறு.

பழைய ஃபோர்க் இறுகிவிட்டது. நீளமான புது ஃபோர்க் போடலாமா?

1990களின் பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் போன்ற எலாஸ்டமர் துண்டுகள் இருந்தன. அவை இறுகிவிடும், சிதையும். மாற்றுத் துண்டு இப்போது கிடைப்பது அரிது.

80 மி.மீ. இயக்கத்துக்கு வடிவமைத்த ஃபிரேமில் 100 வரை போகலாம், 130 போடக் கூடாது. ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் டியூப் ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும், பெடல் நடுவும் உயரும். அதைவிட முக்கியம், நீண்ட ஃபோர்க் நெம்புகோலாகி, ஹெட் டியூபும், அதிலிருந்து பெடல் நடுவுக்கு இறங்கும் டவுன் டியூபும் சேரும் பற்றவைப்பில் விரிசல் விடும். 26 அங்குலம், நேர்த்தண்டு, நல்ல காற்று ஷாக் மூன்றும் சேர்ந்த புது ஃபோர்க்கைத் தேடி அலைவதைவிட, ஷாக் இல்லாத இரும்பு ஃபோர்க் ஒன்றைப் போட்டு அதை ஊர் சுற்றும் சைக்கிளாக்குவது மேல்.

புதியது வாங்கும்போது விவரப் பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஃபிரேமைப் பாருங்கள்; பாகம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் 12×148 த்ரூ ஆக்ஸில், அடியில் தடித்த தண்டு ஏற்கும் ஹெட் டியூப், டிராப்பர் வயர் உள்ளே ஓட வழி, மரையுள்ள பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்). விலை குறைந்த சைக்கிள்களில் 141 மி.மீ. குயிக் ரிலீஸ் என்று ஒன்று வரும். பூஸ்ட் போலவே தோன்றும், ஆனால் 148 ஆக்ஸில் சக்கரம் அதில் நேரடியாகப் பொருந்தாது. நாளைக்கு நல்ல சக்கரம் வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தவிருங்கள்.

யுடிஎச் என்ற பொது ஹேங்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்ராம் 2019ல் கொண்டுவந்தது, பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. ஒடிந்தால் அடுத்த கடையிலேயே மாற்று கிடைக்க வாய்ப்புண்டு. 2023ல் வந்த ஸ்ராமின் டிரான்ஸ்மிஷன் டிரெய்லியர்கள் இதற்கு ஏற்ற ஃபிரேமில்தான் ஏறும்.

ஃபோர்க் காற்றில் இயங்குவதா, சுருள் கம்பியா என்பது அடுத்தது. காற்று என்றால் உங்கள் எடைக்கு ஏற்ப அழுத்தம் வைக்கலாம். மலிவான சுருள் ஃபோர்க் 60 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், அதாவது இருவருக்கும் சரிப்படாது.

பிரேக் எந்தத் திரவம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மினரல் ஆயில். ஸ்ராமில் சில மாடல் டாட் 5.1, சில மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் பிரேக் மொத்தமும் பாழாகும். ஸ்கூட்டர் மெக்கானிக் கையிலுள்ள திரவத்தை ஷிமானோவில் ஊற்றிவிடும் அபாயம் நம் ஊரில் நிஜமானது.

12 கியரா 10 கியரா என்பதற்குக் கடைசி இடம்.

என் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய சைக்கிளில் “17 அங்குலம், 19 அங்குலம்” என்று சீட் டியூப் நீளத்தைச் சொல்வார்கள். அந்த எண்ணைப் புதியதில் தேடாதீர்கள். டிராப்பருக்கு இடம் வேண்டி சீட் டியூபைக் குட்டையாக்கிவிட்டார்கள். ரீச் என்ற எண்ணைப் பாருங்கள்: பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து ஹெட் டியூப் உச்சிவரை கிடைமட்டத் தூரம். தோராயமாக 165 செ.மீ. உயரத்துக்கு 420 முதல் 435 மி.மீ., 175க்கு 445 முதல் 460, 183க்கு 470 முதல் 485. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், வேகமான இறக்கம் பிடித்தவர் பெரியதையும், வளைந்து நெளிந்து ஓட்டுபவர் சிறியதையும் எடுக்கலாம்.

பின்பக்கமும் ஷாக் உள்ளது வாங்கலாமா?

குறைந்த பணத்தில் வேண்டாம். ஒரே விலையில் ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க், நல்ல பிரேக், டிராப்பர் மூன்றும் கிடைக்கும். பின்ஷாக் உள்ளதில் அந்தப் பணம் ஷாக்கிலும் இணைப்புகளிலும் போய்விடும். பராமரிப்பும் கூடுதல். இணைப்பு பேரிங்குகள் மழைச் சேற்றில் துருப்பிடிக்கும், ஷாக்கின் சீல்களை அவ்வப்போது மாற்ற வேண்டும், அதற்கு ஆள் எல்லா ஊரிலும் இல்லை.

செகண்ட் ஹேண்டாக வாங்கலாமா? என்ன பார்ப்பது?

2018க்குப் பிந்தைய நல்ல ஹார்ட்டெயில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தால், அதே விலைக்கான புதிய மலிவுச் சைக்கிளைவிட மேல் என்பது எங்கள் எண்ணம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஃபிரேமைத் துடைத்துவிட்டு ஹெட் டியூப் பற்றவைப்பின் அடிப்புறம், சீட் டியூப் சந்திப்பு, பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் பெயின்டில் முடியளவு கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். கோடு இருந்தால் அது பெயின்ட் விரிசல் என்று உரிமையாளர் சொல்வார். நம்ப வேண்டாம்.

ஃபோர்க்கின் பளபளப்பான கால்களில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும், பழுது விலை உயர்ந்தது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் ஹெட்செட்டிலிருந்து வந்தால் இறுக்கினால் போகும். ஃபோர்க் காலும் வெளிக்குழாயும் சேரும் இடத்திலிருந்து வந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது.

செயினில் 12 முழு அங்குலத்தை ஸ்கேலால் அளங்கள். ஒரு செயின் ஆணியின் நடுவிலிருந்து இன்னோர் ஆணியின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் கேசட்டும் போயிருக்கும், 12 கியர் கேசட் மலிவல்ல. ஷிமானோ டிஸ்க் தட்டு புதிதில் 1.8 மி.மீ., 1.5க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். டிராப்பரை இறக்கிப் பாதியில் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். மெல்ல அமுங்கினால் உள்ளே உள்ள காட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. பில்லும் ஃபிரேம் எண்ணும் பொருந்த வேண்டும்.

பழையதிலிருந்து புதியதற்கு எதைக் கொண்டுபோகலாம்?

பெடல், சீட், கைப்பிடி, தண்ணீர் பாட்டில் தாங்கி, விளக்கு, மணி. புது சைக்கிளோடு பிளாஸ்டிக் பெடல்தான் வரும், அல்லது பெடலே வராது. உங்கள் பழைய பெடலின் மரை பொருந்தும். கழற்றும்போது இடது பெடலுக்கு இடது மரை என்பதை மறக்காதீர்கள். அதைக் கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். புதியதில் மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள்.

ஸ்டெம் ஃபோர்க் தண்டில் பொருந்தும், ஏனென்றால் தண்டின் மேல்முனை இன்றும் 28.6 மி.மீ.தான்; ஆனால் 25.4 மி.மீ. பிடியுள்ள பழைய ஸ்டெம்மில் 31.8 மி.மீ. ஹேண்டில்பார் உட்காராது. அதோடு 110 மி.மீ. ஸ்டெம்மைப் புதியதில் மாட்டினால் மேலே சொன்ன கோணக் கணக்கெல்லாம் வீணாகும்.

புது சைக்கிள் வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பிரேக்கைப் பதப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் நேரே மலைக்குப் போனால் பிரேக் பிடிக்கவில்லை, சத்தம் போடுகிறது என்ற புகார்தான் மிஞ்சும். சுமார் 20 கி.மீ. வேகத்தில் போய், சக்கரம் பூட்டாமல் நடைவேகத்துக்குக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். முன்னும் பின்னும் தனித்தனியே 20 முறை. பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்தில் 10 முறை. தட்டில் செயின் எண்ணெய் படவே கூடாது. சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள், பிஸ்டன்கள் நெருங்கிவந்து தட்டு நுழைய இடம் இருக்காது.

ஃபோர்க்கின் காற்றை உங்கள் எடைக்கு வையுங்கள். ஓட்டும் உடையோடும் பையோடும் பெடலில் எழுந்து நின்றால் 120 மி.மீ. ஃபோர்க் ஏறத்தாழ 24 மி.மீ., அதாவது 20 சதவீதம், அமுங்க வேண்டும். காலில் உள்ள ரப்பர் வளையம் அளவைக் காட்டும். இதற்குத் தனி ஷாக் பம்பு வேண்டும். சாதாரணப் பம்பு உதவாது. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் என்றால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். சேற்றில் ஓட்டுபவர் அதற்கும் முன்பே செய்வது நல்லது.

டயர் காற்றில்தான் பழைய பழக்கம் கெடுக்கும். 26×2.0க்கு 40 பி.எஸ்.ஐ. அடித்த கை, 29×2.4க்கும் அதையே அடிக்கும். 70 கிலோ ஆளுக்கு டியூப் இல்லாமல் முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 போதும். டியூப் இருந்தால் ஐந்தாறு கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பாம்புக்கடி பஞ்சர் விழும்.

டியூப்லெஸ் ஆக்குவது அவசியமா?

கருவேல முள் உள்ள ஊரில் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. ரிம் டேப் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. அகலமாக இருக்கட்டும், 30 மி.மீ. ரிம்முக்கு 32 அல்லது 33. ஒட்டும் முன் ரிம்மை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் டேப் உரிந்து ஸ்போக்ஸ் ஓட்டை வழியே காற்று போகும். ஒரு 29×2.4 டயருக்கு, முள் குத்திய ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 100 முதல் 120 மி.லி. நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், ஆகவே வால்வ் வழியே குச்சி விட்டுப் பார்த்து நிரப்புங்கள். அந்தப் பழைய ரிம்மில் இதைச் செய்ய வேண்டாம்; டயரின் விளிம்பைப் பூட்டும் மேடு அதில் இல்லை, வளைவில் காற்று புஸ்ஸென்று போய்விடும்.

புதியது ஹேண்டில் மந்தமாக இருக்கிறதே?

மெதுவாகப் போகும்போது அப்படித்தான் இருக்கும். பழையதில் ஹேண்டிலைத் திருப்பியே வளைந்திருப்பீர்கள். இதில் சைக்கிளைச் சாய்க்க வேண்டும். பழையதில் பயந்து பின்னால் தள்ளி உட்கார்ந்தே பழகிய உடல், இதில் அப்படி உட்கார்ந்தால் முன்சக்கரத்தில் எடை விழாமல் வளைவில் வழுக்கும். சீட்டை இறக்கிவிட்டு நடுவில் நின்று, முழங்கையை வெளியே மடக்கி, மார்பை முன்னால் கொண்டுவாருங்கள். பிரேக்குக்கு ஒரு விரல் போதும். ஹேண்டில் அகலமாக இருப்பதால் முதல் சில நாட்கள் மரத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் வலித்தால் இரு பக்கமும் 10 மி.மீ. வெட்டலாம், ஒரே தடவையில் நிறைய வெட்டாதீர்கள்.

பழையதை விற்றுவிடலாமா?

விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. குரோமோலி இரும்பு ஃபிரேம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்: 26×1.5 அல்லது 1.75 வழுக்கை டயர், மட்கார்டு, பின்கேரியர் போட்டால் அருமையான அலுவலக வண்டி. சீட் போஸ்ட்டை மட்டும் இப்போதே ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.